வாய் திறக்காத கார்ப்பரலுக்கு

போன திங்கட்கிழமை ஒருவழியாக உங்கள் இரும்பு அலமாரியைத் திறந்துவிட்டோம். சாவியை எங்கே வைத்தீர்கள் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்களோ பத்து மாதங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். ஈப்போ பழைய டவுனிலிருந்து பூட்டு வேலை செய்யும் சீனக் கிழவர் ஒருவரை அழைத்து வந்து, அவர் அரை மணி நேரம் குடைந்து, பிறகு கம்பியால் நெம்பித்தான் கதவு திறந்தது.

திறந்ததும் கருவாட்டு நாற்றம். இத்தனை மாதமாக அறையில் ஏதோ நாறுகிறது, எலி செத்துக் கிடக்கிறது என்று கூரைப் பலகையைக்கூடக் கழற்றிப் பார்த்தோம். எலி இல்லை. சீனச் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, நீங்கள் பத்திரப்படுத்திய கருவாடு. எந்தப் போலீஸ்காரர் வீட்டில் கொடுத்தார்களோ, வீட்டுக்கு எடுத்துப் போக மறந்தீர்களோ, தெரியாது.

கருவாட்டுக்கு அடியில் நாடா போட்டுக் கட்டிய ஏழு கட்டுப் படிவங்கள். அந்தப் படிவத்தை உங்களுக்கு நினைவிருக்கும். யாரைப் பார்த்தோம், அவருக்கு என்ன மனக்குறை, என்ன ஆறுதல் சொன்னோம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒன்று நிரப்பித் தரும்படி நானே தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் போட்டு, மை காயும் முன்னே உங்கள் கையில் கொடுத்தவை. ஏழு கட்டையும் தரையில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு எழுத்து இல்லை.

வாரம் தவறாமல் கேட்டேனே! “போராங் எல்லாம் நிரப்பியாச்சோ?” என்று. வாரம் தவறாமல் நீங்களும் சொன்னீர்கள்: “எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு புவான்.”

பொய்யும் சொல்லவில்லை பாருங்கள். பத்திரமாகத்தான் இருந்தன.

இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அந்த மரியாதையை உங்கள் விஷயத்தில் கடைப்பிடிக்க என்னால் முடியவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது உங்களிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. இப்போதும் வரப்போவதில்லை. எனக்கு ஒன்றும் புதிதில்லை.

எழுபதுகளின் நடுவில் நம் இருவரையும் அந்த அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வண்டிகள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்து அறை. மாநிலத்தில் இருந்த முஸ்லிம் காவலர்களுக்கு அவர்களுடைய சமய அதிகாரிகள் இருந்தார்கள். மற்ற எல்லாருக்கும், அதாவது இந்துக்கள், சீனக் கிறிஸ்துவர்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், அவர்கள் மனைவி மக்கள் என்று எல்லாருக்கும் ஆன்மிகத் துணையாக இருக்க வேண்டிய பிரிவு அது. அதற்குத் தலைவி நான். ஏன் நான் என்றால் எனக்கு மூன்று மொழி வரும், தேவாரம் வரும், கல்யாணம் ஆகவில்லை. ஆகவே நேரமும் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கீழே ஒரே ஓர் ஆள். அது நீங்கள்.

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். எங்கள் வீட்டில் மளிகைப் பட்டியலுக்குக்கூட நகல் உண்டு. நீங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்து, பால்மரம் வெட்டப் பிடிக்காமல் போலீஸில் சேர்ந்து, பதினைந்து வருடம் லேண்ட்ரோவர் ஓட்டியவர். உங்களையும் என்னையும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார வைத்தவர் யாரோ, அவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

முதல் நாளே உங்களிடம் ஒரு பட்டியல் கொடுத்தேன். எந்தக் கோயில் குருக்கள், எந்தச் சர்ச் பாதிரியார், எந்த விகாரைப் பிக்கு, குருத்வாராவில் யாரைப் பார்ப்பது, யாருக்கு எந்த நாளில் எப்படித் தகவல் சொல்வது. நீங்கள் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். பிறகு அந்தக் காகிதத்தை வண்டிக் கண்ணாடி ஆடாமல் இருக்கச் சொருகியிருந்ததைத்தான் பார்த்தேன்.

அலுவலகத்தில் என்னை ‘புவான்’ என்பீர்கள். அது பெண் அதிகாரிக்கு மலாய் மரியாதை, சரி. லேண்ட்ரோவரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ‘அக்கா’ ஆகிவிடுவேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர் நீங்கள்.

“என்னை ஏன் அக்கா எண்டு கூப்பிடுறீங்கள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பெரிய ஆபிசர்லா நீங்க. தங்கச்சின்னு கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?”



ஆயர் தாவார் நினைவிருக்கிறதா? வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோன சீனக் காவலரின் வீடு. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பலகை வீடு. கிறிஸ்துவக் குடும்பம் என்பதால் முந்தின நாளே ஒரு பைபிளை இரவல் வாங்கி, படிக்க வேண்டிய பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தேன். வண்டியில் போகும்போது இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அந்தக் காவலரின் தாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் பேசினேன், பிறகு படித்தேன், பிறகு திரும்பவும் பேசினேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் இல்லை. வீட்டின் பின்னால் ‘டொக், டொக்’ என்று சத்தம். ஒரு மணி நேரம் கழித்துச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக் கிடக்க உள்ளே வந்தீர்கள். நின்றபடியே ஒரு கருப்புக் காப்பியைக் குடித்தீர்கள். அந்தத் தாயைப் பார்த்துத் தலையை அசைத்தீர்கள். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. “நாங்கள் அங்க விறகு கொத்தவோ போனனாங்கள்? கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை கதைச்சீங்களோ?”

“சாவு வீட்டுக்கு ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க அக்கா. அடுப்பு எரியணும்லா.”

“அதை அயலட்டச் சனம் பாத்துக்கொள்ளும்!”

“பாத்துச்சுன்னா நல்லதுதான். பாக்கலயே.”

இரண்டு மாதம் கழித்து நான் மட்டும் அங்கே போனேன். அந்த அம்மாவுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. விறகு வெட்டியவர் ஏன் வரவில்லை என்று கேட்டாள். அதை உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன், சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம். சின்ன விஷயங்களுக்காக நான் பத்து மாதம் கழித்து உட்கார்ந்து எழுதவில்லை. சந்திரன் விஷயத்துக்கு வருகிறேன்.

சந்திரன் உங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளைதான். இருபத்து மூன்று வயது. அப்பா, அம்மா இருவரும் தோட்டத்தில். வடக்கே காட்டுக்குள் ரோந்து போகும் படையில் அவன் இருந்தான். அவனும் ஜஸ்பீர் என்ற ஈப்போ சீக்கியப் பையனும் பயிற்சிக் காலத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒருநாள் காட்டில் மறைந்திருந்த கெரில்லாக்கள் பாதையில் புதைத்து வைத்திருந்த வெடி ஜஸ்பீரின் காலடியில் வெடித்தது. அவன் அங்கேயே போய்விட்டான். சில அடி பின்னால் வந்த சந்திரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவனை ஈப்போவுக்கு அனுப்பினார்கள். உடம்பில் குறை இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். அவன் மறுபடி ஆயுதத்தோடு படைக்குத் திரும்பலாமா என்று நம் பிரிவின் கருத்தையும் கேட்டார்கள். மாதக் கடைசிக்குள் என் கையெழுத்தோடு பதில் போக வேண்டும்.

நான் என் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அவன் பேரில் கோயிலில் அர்ச்சனைக்கு ஏற்பாடு செய்தேன். குருக்களை அழைத்து வந்து பேச வைத்தேன். மூன்று முறை என் அறையில் எதிரே உட்கார வைத்துக் கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: “நல்லா இருக்கேன் புவான்.” நானும் மூன்று முறை அப்படியே எழுதி வைத்தேன்.

நீங்களோ தினமும் வேலை முடிந்ததும் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஈய லம்பத்துக் குட்டையில் மீன் பிடிக்கப் போனீர்கள். ஒரு சாயங்காலம் நானே வந்து பார்த்தேன். ஈயம் தோண்டி எடுத்துக் கைவிட்ட பள்ளத்தில் பச்சைத் தண்ணீர், பின்னால் சுண்ணாம்புக் குன்று, கரையில் நீங்கள் இரண்டு பேர். தூண்டில் தண்ணீரில் கிடந்தது. இருவரும் வாயைத் திறக்கவில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு நான் திரும்பிவிட்டேன்.

மறுநாள் கேட்டேன்: “அவன் என்ன சொன்னவன்?”

“மீனு கடிக்கல புவான்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பேனாவை மேசையில் வீசினேன். நீங்கள் அதைக் குனிந்து எடுத்து மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

அதற்கு அடுத்த வாரம்தான் துப்பாக்கிப் பயிற்சி. டாக்டர் சரியென்று எழுதிவிட்டதால் சந்திரனும் அந்தக் குழுவில் சுட்டான். தோட்டாப் பெட்டியை வண்டியில் ஏற்றி இறக்கும் பொறுப்பு உங்களுடையது. பயிற்சி முடிந்து எண்ணிப் பார்த்தால் ஒரு தோட்டா குறைகிறது. வண்டியை மூன்று பேர் அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். புல்லைத் தேடினார்கள். கடைசியில் சுட்டவர்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்திச் சட்டைப் பையைச் சோதிக்கலாம் என்று சொன்னபோது நீங்கள் முன்னால் வந்தீர்களாம். “பெட்டி என் கையில இருந்துச்சு. ஏத்தும்போது மூடி தொறந்துக்கிச்சு. எங்கயோ விழுந்திருக்கும், நான்தான் கவனிக்கல” என்றீர்களாம். சோதனை அதோடு நின்றது. உங்கள்மேல் விசாரணை ஆரம்பித்தது.

மூன்று நாள் கழித்து, சந்திரன் பற்றிய காகிதத்தை நான் எடுத்து வைத்திருந்தபோது, நீங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றீர்கள்.

“சந்திரனுக்கு நீங்க சைன் பண்ணக் கூடாது புவான். அவன் துப்பாக்கி பக்கம் போகக் கூடாது.”

“என்ன காரணம்?”

“சொல்ல முடியாது.”

“நான் இந்தப் பிரிவின்ர தலைவி. எனக்குச் சொல்ல ஏலாதோ?”

“உங்களுக்குத்தான் சொல்ல முடியாது.”

“காரணம் இல்லாமல் நான் என்னத்தை எழுதுறது? மீன் கடிக்கேல்லை எண்டோ?”

நீங்கள் சிரிக்கவில்லை. நான் பேனாவைத் திறந்தேன். அப்போது அலுவலகத்துக்குள்ளேயே, அதுவரை ஒருநாளும் இல்லாமல், “போடாதீங்க அக்கா” என்றீர்கள்.

நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியாது. ‘ஆறு மாதத்துக்கு ஆயுதமில்லாத வேலை’ என்று எழுதி அனுப்பினேன். மேலதிகாரி கூப்பிட்டுக் காரணம் கேட்டார். என்னிடம் காரணம் இல்லை. “எனக்கு அப்படித் தோன்றுகிறது” என்றேன். ஒரு இன்ஸ்பெக்டர் சொல்லக்கூடிய பதிலா அது? அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. சந்திரனைச் சாமான் அறையில் போட்டார்கள். பூட்ஸும் கம்பளியும் அடுக்கும் வேலை. அவன் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிப் போனான்.

அந்த வாரமே, தோட்டா விசாரணைக்காக உங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். எல்லா எரிச்சலையும் சேர்த்து எழுதினேன். ‘நேர்மையானவர். ஆனால் கவனக்குறைவானவர். எதையும் பதிவு செய்து வைக்கும் பழக்கம் இல்லை. கூடுதல் பொறுப்புக்கு ஏற்றவர் அல்ல.’ இந்த வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம். அந்த வருடம் உங்களுக்குச் சார்ஜன்ட் பதவி வந்திருக்க வேண்டும். என் எழுத்தால் அது போனது.

கடிதம் வந்தபோது நீங்கள் நின்றபடி படித்தீர்கள். மடித்தீர்கள். “தே ஓ குடிக்கிறீங்களா புவான்? வாங்கிட்டு வாரேன்” என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் சார்ஜன்ட் ஆனார்கள். அவர்களையும் பின் சீட்டில் உட்கார வைத்து நீங்கள் வண்டி ஓட்டினீர்கள். ஒருநாளாவது முகத்தைக் கோணியிருந்தால் நானும் ஏதாவது கேட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

போன வருடம் ஜெலாப்பாங்கில் உங்கள் வீட்டில், காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். மத்தியானம் நான் வந்தபோது வாசலில் கூடாரம் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மழை தூறியது. மாநிலம் முழுவதிலுமிருந்து ஆட்கள். சீனர்கள், சீக்கியர்கள், மலாய்க்காரர்கள், யார் யாரோ. என் பட்டியலில் இல்லாத முகங்கள் பாதிக்கு மேல்.

சந்திரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். போலீஸை விட்டு எப்போதோ விலகி, சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். உடம்பு போட்டிருந்தான். என்னைக் கண்டதும் இந்த முறை திரும்பிப் போகவில்லை.

“புவான், கொஞ்சம் இப்படி வாரீங்களா?” என்று கால்வாய் ஓரமாகக் கூட்டிப் போனான்.

“அவரு உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவரு வீட்டு அக்காகிட்ட கேட்டேன், அவங்களுக்கே ஒண்ணும் தெரியல. அப்ப உங்களுக்கும் தெரியாது, இல்ல?”

“என்னது?”

அவன் சொன்னான். நீங்கள் எனக்குச் சொல்லாததை, உங்கள் உடல் உள்ளே கிடக்க, மழையில் நின்று அவன் சொன்னான்.

“அன்னிக்கு முன்னால நடக்க வேண்டியது நான்தான் புவான். என் முறை. என்னமோ பயமா இருந்துச்சு. நீ முன்னால போடான்னு ஜஸ்பீர்கிட்ட சொன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே போனான். அத அந்தக் குட்டைக் கரையிலதான் மொதல்ல வாய் விட்டுச் சொன்னேன். ஒம்பது நாள் பேசாம உக்காந்திருந்தேன். பத்தாம் நாள் சொன்னேன்.”

“பிறகு?”

“பிறகு அந்தத் தோட்டா. நான்தான் எடுத்தேன். எதுக்குன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா புவான்?”

வேண்டாம் என்று தலையசைத்தேன்.

“எல்லாரையும் சோதிக்கப் போறாங்கன்னதும் அவரு என் மூஞ்சியப் பாத்தாரு. உடனே முன்னால போய் தான்தான்னு சொல்லிட்டாரு. சாயங்காலம் குட்டைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒண்ணும் கேக்கல. கைய மட்டும் நீட்டினாரு. குடுத்துட்டேன். தண்ணியில வீசிட்டாரு.”

“வீசுவானேன்? வண்டியில கிடந்து எடுத்தது எண்டு திருப்பிக் குடுத்திருக்கலாமே!” எனக்கு அப்போதும் எரிச்சல்தான் வந்தது, பாருங்கள்.

“நானும் அதான் கேட்டேன். மூணு பேரு தேடின வண்டிலா, இப்ப எங்கேருந்து வந்துச்சுன்னு நோண்டுவாங்க, நோண்டினா உன் பேரு வரும்னாரு. அப்ப புவான்கிட்டயாவது சொல்லலாமான்னேன்.”

அவன் தயங்கினான்.

“சொல்லுங்கோ தம்பி.”

“ ‘பொய் எழுதத் தெரியாத பொம்பளைலா அது. தெரிஞ்சா எழுதியே ஆகணும். எழுதினா உன்ன வேலையவிட்டுத் தூக்கிருவாங்க. தூக்கினா நீ இருக்க மாட்ட. அந்தம்மாவுக்கு அந்தப் பாவம் எதுக்கு?’ அப்டின்னாரு.”

எனக்கு அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்த்தவர்களும் சரியென்றிருப்பார்கள். எனக்கு வந்தது சுத்தமான ஆத்திரம். உள்ளே போய் உங்கள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. யாருக்குப் பொய் எழுதத் தெரியாது? யார் சொன்னது? என்னிடம் கேட்டீர்களா? காணாமல் போன தோட்டா ஒரு பக்கம், ‘அவன் துப்பாக்கி பக்கம் போகக் கூடாது’ என்ற உங்கள் பேச்சு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டராம்! அந்த எரிச்சல் என்மேல். ஆனால் அதையும் உங்கள் கணக்கில்தான் சேர்க்கப்போகிறேன்.

உங்கள் மனைவியிடம் போய் உட்கார்ந்தேன். “உங்களிட்டையாவது ஏதும் சொன்னவரோ?” என்று கேட்டேன்.

அவர் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: “நீங்க வேறம்மா. கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டாக்கூட வாயத் தொறக்க மாட்டாரு. தட்டப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கணும்.”

அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள்.

அடுத்த வாரமே உங்கள் பதிவைத் திருத்தலாம் என்று மேலே போனேன். இப்போது இருப்பவர் புதியவர், நல்ல மனிதர். ‘கவனக்குறைவானவர்’ என்று நான் எழுதியது தவறு, அதை மாற்ற வேண்டும் என்றேன். இறந்துபோனவருக்குச் சார்ஜன்ட் பட்டை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பொறுமையாகக் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, “என்ன ஆதாரம்?” என்றார்.

“அவரை எனக்குத் தெரியும்.”

“இதை எழுதியபோதும் உங்களுக்கு அவரைத் தெரியும்தானே?”

என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் சந்திரன். முன்பே கேட்டபோது வந்து சொல்லத் தயாராக இருந்தான். “நான் வேணா வந்து எழுதிக் குடுக்கறேன் புவான். போலீஸ்ல இல்லயே, இனிமே என்ன பண்ணுவாங்க?” என்றான். அவனுக்கு இப்போது மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். மனைவிக்கு ஜஸ்பீர் என்ற பெயரே தெரியாது. எழுதிக் கொடுத்தால் தோட்டாவோடு நிற்காது. ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள். காட்டுப் பாதை வரும். யார் முறை என்பது வரும். வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டிருந்தேன்.

அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். “வேறு ஒன்றுமில்லை. பழைய கோப்பைப் பார்த்தேன், கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டதுபோல் பட்டது” என்றேன். பொய். முகம் மாறாமல் சொன்னேன். உங்களால்தான்.

ஆகவே உங்கள் பதிவு அப்படியேதான் இருக்கிறது. கவனக்குறைவானவர், கீழே என் கையெழுத்து. என்னால் செய்ய முடிந்ததெல்லாம் செய்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். முடிந்தது ஒன்றுமில்லை.

இன்னொன்று இருக்கிறது. போன மாதம் ஜஸ்பீரின் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவன் இறந்ததிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை நாம் போகும் வீடு. இந்த முறை நானே வண்டி ஓட்டிப் போனேன். கிழவிக்குக் கண் மங்கிவிட்டது. வழக்கம்போல் பால் டீயும் ரொட்டியும் கொடுத்தாள். வழக்கம்போல் அவளுக்குத் தெரிந்த மலாயில் அதே கேள்வியைக் கேட்டாள். “என் பிள்ளை அன்றைக்கு ஏன் முன்னால் போனான்? அவன் முறை இல்லை என்று யாரோ சொன்னார்களே?”

ஒவ்வொரு வருடமும் அவள் இதைக் கேட்டபோது நீங்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஏதோ கடவுள் சித்தம் என்று தொடங்குவேன். நீங்கள் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பீர்கள். இந்தச் சமயத்திலும் சாப்பாடா என்று எனக்கு அத்தனை கோபம் வரும். பதில் தெரிந்த வாயை அடைக்க உங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது.

இந்த முறை கடவுள் சித்தம் என்று என்னால் தொடங்க முடியவில்லை. ரொட்டியைப் பிய்த்து அப்படியே தட்டில் வைத்தேன். “அம்மா, போகும்போது அவன் சிரித்துக்கொண்டே போனானாம்” என்று மட்டும் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “யார் சொன்னது? கூட இருந்த பிள்ளையா?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டாள். அப்போதும் சொல்லவில்லை. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டு, “சிரித்தானா? சிரித்துக்கொண்டா போனான்?” என்று தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கையை விடவில்லை.

அந்த வீட்டுக்கு இனி ஒவ்வொரு வருடமும் நான் போக வேண்டும். சந்திரனை லாரியில் கண்டால் கையசைக்க வேண்டும். அவன் மனைவி கேட்டால் பழைய பழக்கம் என்று சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் மேலே, இப்போது என்னிடம் வந்து பேசும் காவலர்களும் அவர்கள் மனைவிமாரும் சொல்வது ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. எதையும் கீழே இறக்கி வைக்க இடமில்லை.

இத்தனை வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான். காரணம் சொல்ல வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம். இது இவ்வளவு கனக்கும் என்று ஒரு வார்த்தை, அதையாவது நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கலாம்.